கேஸ் இருக்கு மாப்ளே, வழி இருக்கா?

வாங்க மாப்ளே, உக்காருங்க. இன்ஜினியரா வந்து நிக்கிறீங்க, இனிமே ‘நீ’ன்னு கூப்பிடலாமா ‘நீங்க’ன்னு கூப்பிடணுமான்னு உங்க அத்தைகிட்ட கேட்டேன். மொத மாசச் சம்பளம் வரட்டும், அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்னுட்டா. அதுவரைக்கும் நீதான்.

காக்கிநாடாவுக்கு அந்தாண்ட, கடலுக்குள்ள ஆய்வுக் கிணறு தோண்டுறாங்களாம். அதுல கேஸ் ஓடுமா ஓடாதான்னு சொல்றதுதான் உன் வேலைன்னு உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு வருது. சந்தோஷம். நான் எட்டாவது தாண்டாதவன். காரைக்கால் பக்கத்து ரிக்குலயும், அப்புறம் கொஞ்ச காலம் கடல்லயும், ஷேக்கர் ஓரமா நின்னு மட்டு, அதான் கிணறு தோண்டுறப்ப உள்ள விடுற சேறு, அதை வழிச்சவன். ஆனா ஒண்ணு, கூலிக்காரன் பக்கத்துல நின்னா பெரிய ஆளுங்க யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுறதில்ல. அவ்வளவு படிப்பும் எனக்கு இலவசமா காதுல விழுந்துச்சு. அதுல கொஞ்சம் உனக்குத் தர்றேன், வாங்கிக்க.

மொத புத்திமதி. பெரிய ஆளாகணும்னா எவ்வளவு இருக்குன்னு மட்டும் பேசு. எவ்வளவு வெளிய வரும்னு பேசாத. இருக்கிறதைச் சொல்றவனுக்கு மாலை போடுவாங்க. வருமான்னு கேக்குறவனுக்கு மீட்டிங்ல டீகூட வராது.

பாறைங்கிறது கேஸ் குடியிருக்கிற வீடு. மணலுக்கும் மணலுக்கும் நடுவுல இருக்கிற சந்துதான் அறை. நூத்துக்கு எத்தனை பங்கு அறையிருக்குன்னு கணக்குப் பண்ணி அதுக்குப் பொராசிட்டின்னு பேரு வச்சிருக்கீங்க. அறைக்கும் அறைக்கும் நடுவுல வாசல் இருக்கா, இருந்தா எவ்வளவு அகலம்ங்கிறது பெர்மியபிலிட்டி. ரெண்டு பாறை எடுத்துக்க. ரெண்டுலயும் பொராசிட்டி 12 சதவீதம். ஒண்ணுல பெர்மியபிலிட்டி 100 மில்லிடார்சி, இன்னொண்ணுல 0.01. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! ஆனா கிணத்துக்குள்ள விடுற டென்சிட்டி, நியூட்ரான் லாக் ரெண்டும் அந்த ரெண்டு பாறையையும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் காட்டும். அது அறையை எண்ணும், வாசலை எண்ணாது. என்எம்ஆர்னு ஒரு கருவி வந்திருக்கு, வாசலுக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் குடுக்கும். மதிப்புதான், அளவு இல்ல. ரிப்போர்ட் எழுதுறப்ப அந்த வித்தியாசத்தை மறந்துடு. உனக்கு முன்னால எழுதுனவங்கள்ல பாதிப் பேரு மறந்தவங்கதான்.

டார்சி, டார்சிங்கிறோமே, அந்த மனுசனுக்கும் கேஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆன்றி டார்சி, பிரான்ஸ்ல தீஜோன் ஊருக்குக் குடிதண்ணி கொண்டாந்த இன்ஜினியர். குழாயில மணலை நெறப்பி, மேல தண்ணிய விட்டு, கீழ எவ்வளவு வருதுன்னு பாத்தார். 1856-ல எழுதி வச்சார். நூத்தி அறுவது வருஷம் தாண்டியும் அதுக்கு மேல பெருசா ஒண்ணும் வேண்டியிருக்கல. பாறையோட வழி, தடிமன், அழுத்தத்துல இருக்கிற ஏத்த இறக்கம், இது மூணும் கூடினா ஓட்டம் கூடும். ஓடுற சரக்கு பிசுபிசுத்தா ஓட்டம் குறையும். கேஸுக்கு எண்ணெயளவு பிசுபிசுப்பு கெடையாது. அதனாலதான் எண்ணெய் நகர மறுக்கிற 1 மில்லிடார்சி பாறையிலகூட கேஸ் நகந்து வந்துடும். 0.1-க்குக் கீழ போச்சுன்னா அதுவும் முரண்டு பிடிக்கும். அதைத்தான் டைட் கேஸ்ங்கிறாங்க.

இன்னொரு வேடிக்கை. மணல் ஒரே சீரா இருந்தா, பருமணலா இருந்தாலும் பொடிமணலா இருந்தாலும் பொராசிட்டி ஒண்ணேதான். ஆனா மணியோட குறுக்களவு பாதியானா வழி கால்வாசி ஆயிடும். காலேஜ்ல இதைச் சொல்லிக் குடுத்திருப்பாங்க, நீ கட் அடிச்ச அன்னைக்கு. இத்தோட ஆழம் வேற சேருதா, சூடு வேற ஏறுதா? 100 டிகிரிக்குப் பக்கம் வந்துட்டா மணல்மேலயே குவார்ட்ஸ் வளந்து சந்தை அடைக்க ஆரம்பிக்கும். அதுக்கு மேல சூடேறினா இல்லைட்னு ஒரு களிமண்ணு, மயிரிழை மயிரிழையா வாசலுக்குக் குறுக்க முளைக்கும். அறை அப்படியேதான் இருக்கும். உள்ள கேஸும் அப்படியேதான் இருக்கும். வாசல்ல மட்டும் வலை பின்னிக் கெடக்கும்.

நீ போற கடல்லயே கதை இருக்கு. 2005 ஜூன்ல, கிருஷ்ணா கோதாவரிப் படுகையில குஜராத் மாநில பெட்ரோலியம் கார்ப்பரேஷன் கேஸ் கண்டுபிடிச்சிடுச்சுன்னு, அப்ப அங்க முதல்வரா இருந்த நரேந்திர மோடியே அறிவிச்சார். 20 டிரில்லியன் கன அடின்னாங்க. நாட்டுலயே பெரிய கண்டுபிடிப்புன்னாங்க. பேப்பர் பூரா அதுதான். டீக்கடையில நாலு பேரு சேந்து ஷேர் வாங்கலாமான்னு யோசிச்சாங்க, அந்தக் கம்பெனி ஷேரு மார்க்கெட்டுலயே இல்லைங்கிறது தெரியாம. அப்புறம் டிஜிஎச், அதான் மத்திய அரசோட ஹைட்ரோகார்பன் இயக்குநரகம், உக்காந்து கணக்குப் பாத்தப்ப பாறைக்குள்ள இருக்கிறதே சுமாரா அதுல பத்துல ஒரு பங்குதான்னு வந்து நின்னுச்சு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம பெரியவங்க சொன்னது கடலுக்குப் பொருந்தாதுன்னு யாரோ நெனச்சுட்டாங்க போல.

சரி, அந்தப் பத்துல ஒண்ணாவது சுளுவா வந்துச்சா? தீன்தயாள் மேற்குன்னு பேரு வச்ச அந்த வயல்ல பாறை கெடக்கிறது அடி ஆழத்துல. சூடு 200 டிகிரிக்குப் பக்கம், அழுத்தமும் பயங்கரம், வாசல் இறுக்கம். பாறையைத் தண்ணியும் அழுத்தமும் குடுத்துப் பிளந்து, பிளந்த எடம் மூடிக்காம செராமிக் குருணையைத் திணிச்சு ஓட்டணும்னு திட்டம் போட்டாங்க. கடல் மேடையில நின்னுக்கிட்டு, அந்தச் சூட்டுல. 2014-ல சோதனையோட்டம் ஆரம்பிச்சப்பவும் சொன்ன அளவுக்குக் கிட்ட வரல. கடன் மட்டும் தடங்கலே இல்லாம ஏறுச்சு. கணக்குத் தணிக்கைத் துறையும் காய்ச்சி எடுத்துச்சு. 2017-ல ஓஎன்ஜிசி அந்த வயல்ல 80 சதவீதப் பங்கை 99 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்குச்சு. வித்தவங்க சிரிச்சாங்களா, வாங்குனவங்க சிரிச்சாங்களான்னு நீ காக்கிநாடாவுல விசாரிச்சுச் சொல்லு.

இதுல எளந்தாரிப் பசங்க ஏமாறுற எடம் ஒண்ணு இருக்கு, கவனி. தோண்டிக்கிட்டே போறப்ப அழுத்தம் திடீர்னு எகிறும். மட்டுல கேஸ் கொப்புளிக்கும். ரிக் பூரா பரபரப்பு, டூல் புஷர் ஓடுவாரு, ஜியாலஜிஸ்ட் குதிப்பாரு. நீயும் கூடச் சேந்து குதி, வேணாங்கல. குதிச்சு முடிச்சிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்க. அவ்வளவு அழுத்தம் ஏன் இத்தனை கோடி வருஷமா உள்ளயே இருக்கு? வெளிய போக நல்ல வழியிருந்தா எப்பவோ எறங்கிப் போயிருக்கும்ல? அழுத்தம் நெறைய இருக்குன்னா, அடைச்சுவச்ச எடம்னு பாறையே சொல்லுது. அடைப்பு மேல மூடியில மட்டும்தானா, பாறைக்குள்ளயும் இருக்கான்னு பாக்கிறதுதான் உனக்குச் சம்பளம். பாக்காம விட்டா பதவி உயர்வு.

இப்ப கோர் கதை. கோர்ங்கிறது கிணத்தடியிலேருந்து உருளையா வெட்டி எடுக்கிற கல்லு. இதை நான் கண்ணால பாத்தவன். 30 அடி பேரல் மேல வரும். கேஸ் மீட்டரைக் காட்டி விஷவாயு இல்லைன்னு சொன்னப்புறம்தான் கிட்டயே விடுவாங்க. உள்குழாயோட மூணு மூணு அடியா அறுப்பாங்க. வெட்டின முகம் சாம்பல் நெறமா, ஈரமா இருக்கும். எங்க ரிக்குல வயசான ஜியாலஜிஸ்ட் ஒருத்தர் இருந்தாரு. அவரு லென்ஸு எடுக்கிறதுக்கு முன்னால பாட்டில் மூடியில தண்ணிய எடுத்து, தொடைச்ச முகத்துல ஒரு சொட்டு விடுவாரு. நல்ல மணல்கல்லா இருந்தா சொட்டு விழுந்ததும் காணாமப் போயிடும். அன்னைக்கு விட்ட சொட்டு உருண்டையா உக்காந்துக்கிட்டு எங்களைப் பாத்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தாலும் அங்கேயேதான். அவரு ஒண்ணும் பேசல. சிகரெட் பத்த வைக்க முடியாத எடத்துல பாக்கெட்டைத் தடவிப் பாத்துட்டு உள்ள போனாரு. நான் மட்டு வழிக்கிறவன், எனக்கே புரிஞ்சுபோச்சு. கரையில இருக்கிற ஆபீஸுக்கு மட்டும் புரியல. அவங்க லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தாங்க.

லேப் ரிப்போர்ட்டும் வந்துச்சு, நல்லாத்தான் வந்துச்சு. லேப்காரன் பொய் சொல்றதில்ல மாப்ளே, கல்லுதான் அங்க வேற கல்லு. கேட்டுக்க, எப்படின்னு. கோர்லேருந்து ஒண்ணரை அங்குலத்துல குட்டியா ஒரு உருளை வெட்டுவாங்க. வெட்டுறவன் கை எப்பவும் நல்ல எடமாப் பாத்துத்தான் போகும். அதை டொலுயீன்ல கழுவுவாங்க. பாறைக்குள்ள வாசலோரம் ஒட்டிக்கிட்டிருந்த தண்ணியெல்லாம் போயிடும். அடியில அந்தத் தண்ணிதான் கேஸுக்குப் பாதி வழியை மறிச்சுக்கிட்டு இருந்தது. அப்புறம் அடுப்புல வச்சுக் காய விடுவாங்க. குறுக்க முளைச்சிருந்த இல்லைட் மயிரெல்லாம் சுருண்டு சுவத்துல ஒட்டிக்கும். வலை போச்சு, வாசல் தொறந்துச்சு. வடகடல் வயல்கள்ல இந்தக் களிமண்ணால அடிபட்டவங்க, காய வைக்கிற முறையையே மாத்திப் பாத்துட்டு, அடடா இத்தனை வித்தியாசமான்னு தலையில கை வச்சாங்க.

இன்னும் முடியல. அடியில அந்தக் கல்லு மேல மூணு நாலு கிலோமீட்டர் பாறையோட பாரம் இருந்தது. மேல வந்ததும் அக்கடான்னு விரியும். கல்லு எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவுக்கு இப்படி விரியிறதுல கணக்கு தப்பும். கடைசியா, லேப்ல கம்மி அழுத்தத்துல கேஸை விட்டு அளப்பாங்க. கம்மி அழுத்தத்துல கேஸ் சுவத்துல உராயாம வழுக்கிக்கிட்டு ஓடும். அதனால உள்ளதைவிட அதிகமாக் காட்டும். கிளிங்கன்பெர்க்னு ஒருத்தர் 1941-லயே இதைச் சொல்லி, எப்படிக் கழிக்கணும்னும் காட்டிட்டாரு. கழிக்கிறதும் கழிக்காததும் உன் இஷ்டம். கழிச்சா நம்பர் சின்னதாயிடும், மேனேஜர் மொகமும் சின்னதாயிடும். கழிக்காம விட்டு, எப்படிக் காய வச்சீங்கங்கிறதை எழுதாம விட்டு, மேல பாரம் வச்சு அளந்தீங்களாங்கிறதைப் பின்னிணைப்புல கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டேன்னு வை, சீக்கிரமே ஆபீஸ் காரு உன் வாசலுக்கு வரும்.

மட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. அழுத்தம் அதிகமான கிணத்துல பாரைட்டைக் கொட்டி மட்டைக் கனமாக்குவாங்க. ஆக்கித்தான் தீரணும், இல்லேன்னா கிணறு நம்ம பேச்சைக் கேக்காது. ஆனா கனத்த மட்டு என்ன பண்ணும்? தண்ணியை வடிச்சுப் பாறைக்குள்ள தள்ளும். ஏற்கெனவே மயிரிழை வாசல், அதுல வெளித்தண்ணி போய் மாட்டிக்கிட்டா கேஸ் தள்ளினாலும் வெளிய வராது. ஸ்மெக்டைட் களிமண்ணு இருந்தா ஊதி உப்பும். அதுக்கு ஸ்கின்னு பேரு வச்சு ஒரு நம்பர் போடுவீங்க. கிணறு சரியா ஓடலைன்னா ஸ்கின் மேல பழியைப் போட்டுடலாம். ‘பாறை தங்கம், மட்டுதான் கெடுத்துடுச்சு.’ இந்த வசனத்தை மனப்பாடம் பண்ணிக்க. சில நேரம் இது நெசமாவும் இருக்கும், அதனாலதான் எல்லா நேரமும் எடுபடுது.

டிஎஸ்டி, அதான் கிணத்தைத் தொறந்து ஓட்டிப் பாக்கிற சோதனை, அந்த ராத்திரிதான் திருவிழா. பைப்பை எறக்கி, பெர்ஃபரேஷன் அடிச்சு, சோக் வழியாக் கேஸைத் தொறந்து விட்டு, நீண்ட கைமேல ஃப்ளேர்ல கொளுத்துவாங்க. கடலே ஆரஞ்சு நெறமா ஆயிடும். தண்ணித் தெளிப்பான் இல்லேன்னா மேடை பெயிண்ட்டே உரிஞ்சுடும், அவ்வளவு வெக்கை. எல்லாரும் கைதட்டுவாங்க. அப்பவே படம் எடுத்துடு, தள்ளிப் போடாத. கிணத்தை ஒட்டின பாறையில தேங்கியிருந்த கேஸ்தான் மொதல்ல ஓடிவருது. அது தீந்தப்புறம் தூரத்து அறையிலேருந்து வாசல் வாசலா நகந்து வரணும். இறுக்கமான பாறையா இருந்தா கொஞ்ச மணி நேரத்துல ஃப்ளேர் குனிய ஆரம்பிக்கும். அந்த நேரத்துல படம் எடுத்தா ஆண்டறிக்கை அட்டைக்கு ஆகாது.

அப்புறம் வால்வை மூடுவாங்க. கைதட்டினவங்கள்லாம் படுக்கப் போயிடுவாங்க. நீ மட்டும் முழிச்சிருக்கணும்னு ஆசைப்பட்டா முழிச்சிரு, யாரும் கேக்கப் போறதில்ல. மூடினப்புறம் அடியில இருக்கிற கேஜ்ல அழுத்தம் திரும்ப ஏறும், அதைத்தான் பில்டப்ங்கிறாங்க. சடசடன்னு ஏறிப் பழைய எடத்துல போய் நின்னா வாசல் அகலம். சோம்பேறித்தனமா ஏறினா வாசல் இறுக்கம். ஏறி, பழைய எடத்துக்கு முன்னாலேயே நின்னுட்டா வீடே சின்னது, எடுத்த துளியிலயே குறைஞ்சுபோச்சுன்னு அர்த்தம். ஹார்னர் 1951-ல போட்டுக் குடுத்த கோடு இதுக்குத்தான். தீ எரியுறப்ப கிணறு சொல்றதைவிட, மூடி வச்சப்புறம் சொல்றதுதான் நெறைய. ஆனா ஆழ்கடல் ரிக் வாடகை ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல டாலர். ‘பில்டப் போதும், வால்வைத் தொற’ன்னு கரையிலேருந்து ஃபோன் வரும். இன்னும் அரை நாளு கேட்டு வாங்குறவனுக்கு அதுக்கப்புறம் யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்க. நான் குடுப்பேன், எனக்குப் பொண்ணு இல்ல.

டிஎஸ்டியே வேணாம்னு சொன்ன ஆளுங்களும் அந்தக் கடல்ல உண்டு. கிருஷ்ணா கோதாவரியில ரிலையன்ஸோட கேஜி-டி6 பிளாக்குல டி-29, டி-30, டி-31-னு மூணு கண்டுபிடிப்பு. எம்டிடின்னு ஒரு கருவியை வச்சு அழுத்தமும் சாம்பிளும் எடுத்திருக்கோம், அது போதும்னு அவங்க. டிஎஸ்டி பண்ணலைன்னா ஒத்துக்க மாட்டோம்னு டிஜிஎச். வருஷக்கணக்குல இழுத்துச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு மாப்ளே. ஆழ்கடல்ல டிஎஸ்டி செலவு கொஞ்ச நஞ்சமில்ல. எம்டிடி ஊசி குத்துற எடத்துல மட்டும்தான் வாசலைப் பாக்கும், அடுத்த தெருவைப் பாக்காது.

அதே கேஜி-டி6-ல இருக்கிற டி1, டி3 வயலு, தீன்தயாளுக்கு நேர் எதிர். அங்க பாறைன்னுகூடச் சொல்ல முடியாது, இன்னும் சரியா இறுகாத ஆத்துமணல், கடலுக்கடியில கால்வாய் கால்வாயா படிஞ்சது. வாசல்லாம் ஆனை போற அகலம். 2009 ஏப்ரல்ல தொறந்தாங்க. அடுத்த வருஷமே ஒரு நாளைக்கு 6 கோடி கன மீட்டரைத் தாண்டுச்சு. 8 கோடி வரும்னு திட்டம். வரல. ஏன்? வாசல் அகலமா இருந்தா கேஸுக்கு மட்டுமா வழி? பின்னாலேயே தண்ணியும் வந்துச்சு, மணலும் வந்துச்சு. கிணறு ஒண்ணொண்ணா மூடினாங்க. எடுக்கலாம்னு சொன்ன 10 டிரில்லியன் கன அடி, 3-க்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. 2020 பிப்ரவரியில அந்த வயலே நின்னுபோச்சு. பாறை ஏமாத்திடுச்சுன்னு கம்பெனி, கிணறு போதுமான அளவு தோண்டலைன்னு அரசாங்கம். அது பஞ்சாயத்து, நமக்கெதுக்கு. பக்கத்து வயல்லேருந்து அதே வருஷக் கடைசியிலேயே வேற கேஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதையும் சொல்லணும்ல.

நம்ம கடலையும் விட்டுடக் கூடாது. பிஒய்-1-னு ஒரு வயல், காவிரிப் படுகையில. அங்க மணலே இல்ல, அடித்தளக் கருங்கல்லு. அறையே இல்லாத வீடு, சுவத்து வெடிப்புல கேஸ் குடியிருக்கு. கடலடிக் குழாயில திருக்கடையூர் பக்கத்துப் பிள்ளைப்பெருமாள்நல்லூருக்குக் கொண்டாந்து கரண்ட் எடுத்தாங்க. வெடிப்புல வழி அகலம்தான், சேமிப்பு கம்மி. மொதல்ல ஓடுற வேகத்தை வச்சுக் கணக்குப் போட்டவங்க பின்னால அடிச்சுத் திருத்தினாங்க.

ஆக, உன் கிணத்துல எது அமையுதோ தெரியாது. இறுக்கமா இருந்தா ‘தொழில்நுட்பம் வரும்’னு எழுது. அகலமா இருந்தா ‘உலகத்தரம்’னு எழுது. வெடிப்பா இருந்தா ‘தனித்தன்மை வாய்ந்தது’ன்னு எழுது. மூணுக்கும் கோடு போட்ட படம் ஒண்ணு கலர்ல சேத்துக்க.

அதையெல்லாம் கேக்காம, கோர்ல சொட்டுத் தண்ணி விட்டுப் பாத்துட்டு, பில்டப்புக்கு முழு நேரமும் கேட்டு வாங்கிட்டுத்தான் நம்பர் சொல்லுவேன்னு நீ அடம் பிடிச்சா, எங்கக்கா புள்ளை வேற எப்படி இருப்பான்னு நெனச்சுக்குவேன். அப்பவும் ஒரு யோசனை. டிஎஸ்டி முடியிற வரைக்கும் பெரிய ஆபீஸ்லேருந்து ஃபோன் வந்தா எடுக்காத. நடுக்கடல்ல டவர் இல்லைன்னு சொல்லிடு. என்னது, இப்ப ரிக்குல வைஃபை இருக்கா? அட, எங்க காலத்துல இருந்த ஒரே நல்லதும் போச்சா! அப்ப மட்டு டேங்க்குப் பக்கம் போய் நில்லு. அந்த மிக்ஸர் போடுற சத்தத்துல எந்த எம்டி பேசுறதும் கேக்காது.